குத்தம் சொல்லி விக்கணும்

நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டாலும் சரி, எங்க ஊர்ல இத நம்புறதா வேண்டாமான்னு யாரும் உக்காந்து யோசிக்கல, காலைல கடை தொறக்கணும்லா, படகுக்கு ஐஸ் ஏத்தணும்லா, அதனால நடந்தது நடந்ததுதான்னு விட்டுட்டு இதுல நமக்கு என்ன கெடைக்கும்னு மட்டும் பாத்தாங்க. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ரோட்டுல, மக்ரூன் போடுற பேக்கரிக்கு மேல மாடியில, மொகுதூம் பாயோட பூல் கிளப் இருக்கு. கீழ முந்திரியும் சீனியும் வேகுற வாசம் மேல ஏறி வந்து, குனிஞ்சு குறி பாக்குறவன் வாயில எச்சி ஊற வச்சு, போக வேண்டிய பந்தக் குழிக்குப் பக்கத்துலேயே நிப்பாட்டிரும், அந்தப் பழிய பேக்கரிக்காரன் மேல போட்டுட்டு எல்லாரும் மறுபடியும் ஆடுவோம்.

அங்க ஆடுறவங்களுக்குப் பொண்டாட்டி புள்ளைக்கு அடுத்தபடி பந்தத் தட்டுற ஸ்டிக்தான். சில பேருக்கு அடுத்தபடி இல்ல, அதுக்கும் முன்னாடி. ஒரு ஸ்டிக் கைமாறுறதுன்னா அந்தக் கிளப்புல அது லேசுப்பட்ட காரியமில்ல, விக்கிறவரு நுனியப் பிடிக்கணும், வாங்குறவரு அடியப் பிடிக்கணும், விக்கிறவரு அதோட குத்தத்த நாலு பேரு கேக்கச் சொல்லணும், லேசா வளைவு இருக்கு, நடு மூட்டு ஆடுது, மழைக்காலத்துல கையில ஒட்டும், இப்பிடி எதாவது, வாங்குறவரு "தெரிஞ்சே வாங்குதேன்"னு சொல்லணும், அப்பத்தான் வியாபாரம் செல்லும். ஏன் பாய் இப்பிடின்னு கேட்டா, "பெறவு வந்து யாரும் சண்டைக்கு நிக்கப்பிடாதுல்லா"ம்பாரு. வழக்கத்த மீறுனா என்ன ஆகும்னு அவருக்கும் தெரியாது, யாரும் மீறிப் பாத்ததில்ல.

மீறிப் பாத்தது தஸ்நேவிஸ். ஐஸ் கம்பெனி வச்சிருந்தாரு, ஊர்லேயே குளிர்ந்த தொழிலு, ஊர்லேயே சூடான மனுசன். கோவம் எப்பவும் மூக்கு நுனியிலதான் இருக்கும். சாம்பார்ல உப்பு கூடுனா தட்டு பறக்கும், பஸ்ஸுல கண்டக்டர் மீதிச் சில்லறை தர லேட்டானா பஸ்ஸே நிக்கும், அவரு கம்பெனிக்குள்ள நின்னு ஒரு சத்தம் போட்டா தொட்டியில கெடக்குற ஐஸ் பாறை டப்பு டப்புன்னு வெடிப்பு விடும், வேலக்காரங்க அது பாட்டுக்கு வெடிச்ச ஐஸத் தனியா எடுத்து வச்சு, ஒடைக்கிற வேல மிச்சம்னு படகுல ஏத்துவாங்க. அவருகிட்ட ஒரு ஸ்டிக் இருந்திச்சு, கொழும்புக் கப்பல்ல வந்தது, அடிப்பக்கம் கறுகறுன்னு, அதுல நகத்தளவுக்கு ஒரு சிப்பித்துண்டு பதிச்சிருக்கும். யாரையும் தொடவிட மாட்டாரு. சொந்தப் பொண்டாட்டி கசில்டா அதத் தூசி தட்டப் போயி, அன்னைக்குப் பூரா அழுதுக்கிட்டே இருந்தா.

ஒரு நாளு சாயங்காலம், ஊருக்குப் புதுசா வந்த ஒரு கப்பல்காரன்கிட்ட தஸ்நேவிஸ் தோத்துப் போனாரு. கடைசிக் கறுப்புப் பந்து குழி வாசல் வரைக்கும் போயி, உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்பி வந்திச்சு. அவரு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சிது.

"இந்தச் சவத்த யாராவது வாங்கிட்டுப் போங்கவே" அப்பிடின்னாரு.

மூலையிலேர்ந்து குற்றாலலிங்கம் மெதுவா, "நான் வாங்கிக்கிடட்டுமா அண்ணே?"ன்னு கேட்டாரு. குற்றாலலிங்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்குறவரு. பரம சாது. கொசு கடிச்சாக் கூட அது குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்குற ஆளு, அவரு கடையில ஏசி போட்ட சின்ன ரூம்புல அவரு மச்சினன் தினமும் மத்தியானம் படுத்துத் தூங்குவான், இவரு வெளிய நின்னு வேர்வையத் தொடச்சுக்கிட்டு யாவாரம் பாப்பாரு. தஸ்நேவிஸ் நுனியப் பிடிச்சாரு, குற்றாலலிங்கம் அடியப் பிடிச்சாரு.

"குத்தம் சொல்லும்"ன்னாரு பாய்.

"இதுல குத்தம் ஒண்ணும் கெடையாது. குத்தம் உம்ம டேபிள்ல இருக்கு."

"வழக்கம்லா வே. ஒரு பேச்சுக்காவது ஒண்ணு சொல்லும்."

"இதுல குத்தம் ஒண்ணும் கெடையாதுன்னா கெடையாதுதான்."

குற்றாலலிங்கமும் பயந்துபோயி "தெரிஞ்சே வாங்குதேன்"னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான். ஸ்டிக் கைமாறுனா குத்தம் ஒண்ணு அதோட கூடப் போகணுமே, ஸ்டிக்குல இல்லன்னா விக்கிறவரு மேலேர்ந்துதான எடுத்துக்கிடணும், அது எடுத்துக்கிட்டுது. தஸ்நேவிஸ் படி எறங்கும்போது எதிர்க்க ஏறி வந்தவன் அவரு கால மிதிச்சான். இவரு, "பாத்து வாப்பா, படி செங்குத்து"ன்னு அவன் தோளத் தட்டிட்டுப் போனாரு. மேல குற்றாலலிங்கம், எவனோ இருமுனான்னு, நாலு டேபிளும் கிடுகிடுக்க ஒரு கத்து கத்துனாரு. பாய் ரெண்டு பக்கமும் பாத்தாரு. ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாரு. "சரி, அடுத்த கேம் யாரு?"ன்னாரு.

இனிமே ஊரு சும்மா இருக்குமா? அடுத்த வாரத்துலேர்ந்து கிளப்புல ஸ்டிக் வியாபாரம் கொடிகட்டிப் பறந்திச்சு. எல்லாரும் நுனியப் பிடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, "குத்தம் ஒண்ணும் கெடையாது"ம்பாங்க. பொறாமைய வித்தவன் உண்டு, பொரணி பேசுறத வித்தவன் உண்டு, தன்னோட கஞ்சத்தனத்த விக்க வந்துட்டு வெலையில ஒத்தப் பைசா கொறைக்க மாட்டேன்னு நின்னு விக்க முடியாமலே போனவனும் உண்டு. எனக்கு ஒரு நல்ல ஸ்டிக் சல்லிசா வந்துதேன்னு வாங்குனேன், கூடவே எவனோ ஒருத்தன் தும்மல் வந்து சேந்துது, இன்னைக்கு வரைக்கும் கல்யாண வீட்டுல தாலி கட்டுற நேரம் பாத்து வருது. பங்குச்சாமியாரு பிரசங்கத்துலேயே வருத்தப்பட்டாரு, செஞ்ச பாவத்தச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளே வரமாட்டேங்குது, எல்லாரும் பாய் கிளப்புக்குப் போறீங்கன்னு. பாய் அத ஒரு விளம்பரமா எடுத்துக்கிட்டாரு.

குற்றாலலிங்கத்துக்கு வந்த கோவம் மொதல்ல அவருக்கு நல்லாத்தான் பயன்பட்டுது. மச்சினன மறுநாளே படுத்திருந்த பாயோட சுருட்டித் தெருவுல விட்டாரு, அவரு பொண்டாட்டி மொதத் தடவையா அவருக்குச் சுடச்சுடத் தோச ஊத்திப் போட்டா. கரண்டு இணைப்புக்கு நடையா நடந்தவங்க, ஸ்கூல்ல சீட்டுக்கு அலைஞ்சவங்க, வாடகைக்கு இருக்குறவன காலி பண்ண முடியாதவங்க எல்லாரும் வந்து, "அண்ணாச்சி, ஒரு எட்டு எங்ககூட வந்துட்டுப் போங்க"ன்னு அவரக் கூட்டிட்டுப் போவாங்க. அவரு போயி நின்னு மூக்க வெடச்சாப் போதும், காரியம் முடிஞ்சிரும், திரும்பி வரும்போது வாழத்தாரு, மீனுன்னு கைநெறையக் குடுத்து விடுவாங்க.

இங்கிட்டு தஸ்நேவிஸ் வீட்டுல கசில்டா தட்டு அடுக்குற அலமாரியப் பாத்துப் பாத்து ஆச்சரியப்பட்டா, ஒரு தட்டு கொறையல. ஐஸ் கண்ணாடி மாதிரி வெடிப்பில்லாம வந்திச்சு. சாம்பார்ல உப்பு கூடுனா அவரு, "கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்புக்குப் பயந்தா முடியுமா"ன்னு சிரிச்சாரு. யாரு என்ன கேட்டாலும், "அதுக்கென்ன, செஞ்சிரலாம்"னாரு. வேலக்காரங்க லீவு கேட்டாங்க, அதுக்கென்ன. பக்கத்து வீட்டுக்காரன் செவர ஒரு அடி தள்ளிக் கட்டிக்கிடட்டுமான்னான், அதுக்கென்ன. பெறவுதான் லெயோன் வந்தாரு.

லெயோன் படகுச் சாமான் கடை வச்சிருக்குறவரு, பேச்சு வெண்ணெய் மாதிரி. தன் மகன் பிளாசிட்டுக்குத் தஸ்நேவிஸோட மக மெர்சிலினப் பொண்ணு கேட்டு வந்தாரு. ஐஸ் கம்பெனியோட கணக்கு, மெஷினு, ஆளு, படகுக்காரங்க எல்லாத்தையும் காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து கட்டிக் காத்துக்கிட்டிருந்தது மெர்சிலின்தான், அந்தக் கம்பெனிச் சாவி அவ இடுப்புலேயே கெடக்கும். பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குன்னாரு லெயோன், இவரு அதுக்கென்னன்னாரு. கல்யாணத்துக்குப் பெறவு பொண்ணு வெளிய வேலைக்குப் போறது எங்க வீட்டுல வழக்கமில்லன்னாரு, அதுக்கென்ன. கம்பெனிய நம்ம பிளாசிட் பாத்துக்கிடட்டும், சாவிய அவன்கிட்டக் குடுத்துருங்கன்னாரு, அதுக்கென்ன, செஞ்சிரலாம். பழைய தஸ்நேவிஸா இருந்தா மூணாவது பேச்சுக்கு லெயோன் போட்டுட்டு வந்த செருப்ப விட்டுட்டு ஓடியிருப்பாரு.

மெர்சிலின் வேண்டாம்னு சொல்லாம இல்ல. ரெண்டு தடவ சொன்னா. ஆனா அந்த வீட்டுல இத்தன வருசமா எல்லாருக்கும் சேத்து ஒரே ஆளு கோவப்பட்டதுல மத்தவங்க யாருக்கும் கோவப்படப் பழக்கமே இல்ல. அவ வேண்டாம்னு சொன்னது, இன்னொரு வாய் சோறு வைக்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுவோமே, அப்பிடிக் கேட்டுது. லெயோன் சிரிச்சாரு, பொண்ணுக்கு வெக்கம்னாரு. கோயில்ல மொத ஓலை வாசிச்சாச்சு, ரெண்டாம் ஓலையும் வாசிச்சாச்சு. இன்னாரு மகன் இன்னாருக்கும் இன்னாரு மக இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் எதாவது தெரிஞ்சவங்க சொல்லலாம்னு சாமியாரு மூணு ஞாயித்துக்கெழம வாசிப்பாரு, மூணாம் ஓலையும் தாண்டிட்டா பெறவு தேதி குறிக்க வேண்டியதுதான், சாவியக் கழட்டிக் குடுக்க வேண்டியதுதான்.

"அப்பாவோட கோவத்தத் திரும்ப வாங்கப் போறேம்மா"ன்னா மெர்சிலின்.

கசில்டா பாத்திரம் கழுவுறத நிப்பாட்டுனா. "ஏட்டி, நீ கல்யாணமே பண்ணாம இரு, நான் பாத்துக்கிடுதேன். ஆனா அத மட்டும் இந்த வீட்டுக்குள்ள திரும்பக் கொண்டு வராத. அந்தக் கோவத்தோட நான் எத்தன வருசம் குடும்பம் நடத்திட்டேன். இப்பத்தான் அவரு எம் மூஞ்சியப் பாத்துப் பேசுதாரு. நேத்து எனக்கு மல்லியப்பூ வாங்கிட்டு வந்தாருட்டி." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு நெறஞ்சிட்டுது. அம்மாவுக்கு வேண்டாத ஒண்ணு மெர்சிலினுக்கு வேணும், அதுவும் அந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும்.

மறுநாள் அவ குற்றாலலிங்கம் கடைக்குப் போனா. கடை காத்தாடுச்சு. ஏன்னா கண்ணுக்குக் கண்ணாடி பாக்குற தொழில்ல, ஒரு கண்ணாடிய மாட்டி இது தெளிவா, இன்னொண்ண மாட்டி அது தெளிவான்னு கேக்கணும், வந்தவங்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க, அப்ப பொறுமையா இன்னொருக்கக் கேக்கணும். அந்தப் பொறுமதான் அவருகிட்ட இப்ப இல்லையே. மெர்சிலின் போயி ஸ்டூல்ல உக்காந்தா.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு அண்ணாச்சி."

அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு வேற ரெண்டு மாட்டுனாரு. "இப்ப?"

"இப்பவும் ஒண்ணு போலத்தான்."

"சவத்து மூதி, கண்ணு இருக்கா, இல்ல வெறும் புண்ணா? ஒன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் கண்ணாடி எதுக்கு, போயி ஐஸ் கட்டிய மாட்டிக்கிட்டு அலை!"

அதே வார்த்தை. அதே மூக்கு வெடைப்பு, 'ஐஸ் கட்டி'ங்குற எடத்துல அதே எச்சித் தெறிப்பு. சின்னப் புள்ளையில ஸ்கூல் பைய எங்கியாவது வச்சு மறந்துட்டு வந்தா அவ அப்பா திட்டுவாரே, அது அப்பிடியே. மெர்சிலினுக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது, ரெண்டும் சேந்து வந்ததுல மாட்டியிருந்த கண்ணாடி புகைஞ்சு போச்சு. இத்தன நாளும் அப்பாவுக்கு எங்கப் பயந்தாளோ அந்த எடத்துலேயே அவர எவ்வளவு தேடியிருக்கான்னு அன்னைக்குத்தான் அவளுக்கே தெரிஞ்சுது. குற்றாலலிங்கம் பதறிட்டாரு.

"அழாத பாப்பா. நான் இல்ல, இது ஒங்கப்பாதான். இந்தக் கோவம் வந்ததுலேர்ந்து என்னால ஒரு பந்து மெதுவா அடிக்க முடியல. அடிச்சா வெள்ளப் பந்து டேபிள விட்டுப் பறக்குது, நேத்து பேக்கரிக்காரன் கல்லாவுல போயி விழுந்துது. ஸ்டிக் என்னமோ தங்கம். கைதான் நெருப்பு."

"அப்ப எனக்குக் குடுங்க அண்ணாச்சி."

அவரு அந்த ஏசி ரூம்பத் திரும்பிப் பாத்தாரு. "குடுத்துட்டா மச்சினன் திரும்ப வந்துருவானே. அது போகட்டும். எனக்குப் பயம் வேற எடத்துல. நான் குத்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லி வித்தா, ஸ்டிக் எந்தக் குத்தத்த எடுத்துட்டு வரும்? வந்தேறின கோவமா, இல்ல எங்கூடப் பொறந்த பயந்தாங்கொள்ளித்தனமா? அது ஒனக்கு வந்துட்டா நீ பிளாசிட்டக் கட்டிக்கிட்டு அவன் வீட்டுப் பாத்திரத்தையும் சேத்துக் கழுவணும்."

மெர்சிலின் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "நீங்க வழக்கப்படி வில்லுங்க"ன்னா. "உள்ள குத்தத்தச் சொல்லி வில்லுங்க."

அன்னைக்குச் சாயங்காலம் மொகுதூம் பாய் கிளப்புக்கு மொதத் தடவையா ஒரு பொண்ணு படியேறி வந்திச்சு, குனிஞ்சு குறி பாத்துக்கிட்டிருந்த அத்தன பேரும் குனிஞ்சபடியே நின்னுட்டோம். குற்றாலலிங்கம் நுனியப் பிடிச்சாரு, மெர்சிலின் சிப்பித்துண்டு இருக்குற அடியப் பிடிச்சா. வெல என்னன்னு அவங்க ரெண்டு பேருக்குத் தெரியும், நமக்கெதுக்கு.

"குத்தம் சொல்லும்"ன்னாரு பாய்.

"நுனி கொஞ்சம் மழுங்கல். மூட்டு வெயில் காலத்துல லேசா ஆடும்." குற்றாலலிங்கம் நுனிய இன்னும் இறுக்கிப் பிடிச்சாரு. "அப்புறம், இதுல கோவம் இருக்கு. நல்ல கோவம், நெறைய இருக்கு."

"தெரிஞ்சே வாங்குதேன்"னா மெர்சிலின்.

குற்றாலலிங்கம் பெரிய மூச்சு ஒண்ண விட்டாரு. பாவம், தோள் ரெண்டும் பழையபடி தொங்கிட்டுது. ஆனா மச்சினன் திரும்பி வரலை, ஒருக்க அண்ணாச்சி கோவத்தப் பாத்தவன் அவன், கோவம் கைமாறிப்போச்சுன்னு அவன்கிட்டச் சொல்ல எங்கள்ல யாருக்கும் நேரமில்ல. மெர்சிலின் ஒண்ணும் கத்தல. அவ மூக்கு நுனி மட்டும் லேசாச் செவந்திச்சு. ஸ்டிக்க ரெண்டாக் கழட்டி உறையில போட்டுத் தோள்ல மாட்டிட்டுப் படி எறங்கிப் போனா, அவ கால அன்னைக்கு யாரும் மிதிக்கல.

ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசை. லெயோன் குடும்பம் மொத வரிசையில, பிளாசிட் புதுச் சட்டையில. தஸ்நேவிஸ் தனக்குப் பக்கத்துல இருந்தவருக்கு எடம் விட்டு விட்டுப் பெஞ்சுக் கடைசிக்கே வந்துட்டாரு, பாதி உடம்பு வெளிய தொங்குது, அப்பவும் சிரிச்ச மொகம். சாமியாரு மூணாம் ஓலைய வாசிச்சாரு. விக்கினம் ஏதும் அறிஞ்சவங்க அறிவிக்கலாம்னு சொல்லிட்டு, வழக்கமா ஒரு மூச்சு விடுற நேரம் நிப்பாட்டுவாரு, அந்த மூச்சுக்குள்ள பொண்ணுங்க பக்கத்துலேர்ந்து தோள்ல உறையோட மெர்சிலின் எந்திரிச்சா.

"விக்கினம் இருக்கு சாமி. நான்தான் விக்கினம்."

கோயில்ல ஒரு விசிறி ஆடல. "ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னேன். மெதுவாச் சொன்னா காது கேக்காதா? வெக்கமாம். யாருக்கு வெக்கம்? பொண்ணு கேட்டு வந்தீகளா, சாவி கேட்டு வந்தீகளா? எங்கப்பா அதுக்கென்னன்னு சொன்னாருன்னா அவருகிட்டக் கோவம் இல்ல, அதான் சொன்னாரு. இருந்த கோவம் பூரா இப்ப எங்கிட்ட இருக்கு. எந்திரிச்சுப் போங்க சவத்து மூதிகளா, கண்ணு இருக்கா, இல்ல வெறும் புண்ணா!"

காணாமப் போன தன் சட்டைய அடுத்தவங்க போட்டிருக்கப் பாத்த மாதிரி தஸ்நேவிஸ் அவளத் திரும்பிப் பாத்தாரு. அந்நேரம் ஐஸ் கம்பெனியில தொட்டியில கெடந்த அத்தன பாறையும் வரிசையா வெடிச்சிச்சாம், காவலுக்கு இருந்தவன் சொன்னான், பெரியவரு திரும்பி வந்துட்டாருன்னு நெனச்சுச் சட்டையப் போட்டுக்கிட்டு நின்னானாம். லெயோன் வெண்ணெய் மாதிரி ஏதோ பேச வாயத் தொறந்தாரு, அவ மூக்கப் பாத்தாரு, மூடிக்கிட்டாரு. சாமியாரு ஓலைய நாலா மடிச்சு அங்கிக்குள்ள வச்சுக்கிட்டு, அடுத்த பாட்டப் பாடச் சொன்னாரு. பாடகர் குழு அன்னைக்குச் சுருதி பெசகாமப் பாடுனாங்க, பயந்துதான்.

வீட்டுக்கு வந்ததும் கசில்டா வாசல்லேயே மறிச்சுக்கிட்டு நின்னா. "அத அவருகிட்டக் குடுத்துராதட்டி." மெர்சிலின் குடுக்கல. தஸ்நேவிஸ் சோறு தின்னுட்டு, மெதுவா வந்து, அந்த உறைய ஒரு விரலால தடவிப் பாத்துட்டு, "கனமா இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. "பழகிருச்சுப்பா"ன்னா. "நான் அதச் சும்மா கண்ட பக்கமெல்லாம் அடிச்சுட்டேன்"னாரு. கசில்டா அங்கிட்டுத் திரும்பி முந்தானையால மூக்கத் துடச்சா. பெறவு அவரு எழுந்து போயி தட்டெல்லாம் அவரே கழுவி வச்சாரு, ஒண்ணு கையத் தவறி ஒடைஞ்சுது, அதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க.

பாய் இப்ப கிளப்புல பெருசா எழுதி மாட்டிட்டாரு, குத்தம் சொல்லித்தான் விக்கணும்னு. ஊர்ல அவங்கவங்க குத்தம் அவங்கவங்ககிட்டயே தங்கிப்போச்சு, எந் தும்மலத் தவிர. மெர்சிலின் கம்பெனி முடிஞ்சு சாயங்காலம் சாயங்காலம் வந்து ஆடுவா, பேக்கரி வாசம் மேல ஏறி வந்தாலும் அவ பந்து குழிக்குப் பக்கத்துல நிக்காது, நேரா உள்ள போகும். தஸ்நேவிஸ் கிளப்புக்குச் சொந்தமான ஒரு கோணல் ஸ்டிக்க வச்சுக்கிட்டு அவகிட்டத் தோத்துட்டே இருப்பாரு, தோக்கத் தோக்கச் சிரிப்பாரு.

ஊருக்குப் புதுசா வர்ற கப்பல்காரங்க அந்தச் சிப்பித்துண்டப் பாத்துட்டு ஆசப்பட்டு, என்ன வெல சொல்லுதீங்கன்னு கேப்பாங்க. அவ ஸ்டிக்கோட நுனியப் பிடிச்சு நீட்டுவா, கேட்டவன் ஆசையா அடியப் பிடிப்பான், நாங்க எல்லாரும் ஆட்டத்த நிப்பாட்டிட்டுப் பாப்போம். பாய் கல்லாவுலேர்ந்தே, "குத்தம் சொல்லும்மா"ன்னு குரல் குடுப்பாரு.

மெர்சிலின் ஸ்டிக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒருக்கப் பாப்பா, இடுப்புச் சாவியத் தொட்டுக்கிட்டு நெசமாவே யோசிப்பா.

"இதுல குத்தம் ஒண்ணும் இல்ல பாய்"ன்னுட்டு, அவன் கையிலேர்ந்து அதத் திரும்ப உருவிக்கிடுவா.